பிஸ்டல் வாங்க நினைக்கும் டாலஸ் தமிழர்களுக்கு



பிளேனோ, ஃப்ரிஸ்கோ, ஆலன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் என்னைக் கண்டதும் கேட்கும் கேள்வி, "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" பிறந்தநாள் விழாவில் பிரியாணித் தட்டோடு ஓரங்கட்டிக் கேட்கிறீர்கள். வாட்ஸப்பில் படம் அனுப்பி "இது நல்லதா சார்?" என்கிறீர்கள். மனைவிக்குத் தெரியாமல் கேட்டவர் உண்டு, கணவருக்குத் தெரியாமல் கேட்டவரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லி ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வதைவிட, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

இந்தக் கேள்வி எப்போது பெருகியது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 2023 மே 6, சனிக்கிழமை. ஆலன் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஐதராபாத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த இளம்பெண் ஒருவரும் இருந்தார். பிள்ளைகளுக்கு ஷூ வாங்க நாம் போகும் இடம் அது. அடுத்த வாரமே துப்பாக்கிக் கடை பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட விலை விசாரித்தார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அப்போது என்னிடம் பிஸ்டல் இருந்தும்.

சரி, முதலில் விசா விஷயம். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. இது டெக்சாஸ் எவ்வளவு தாராளம் என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. "வாங்கவில்லை சார், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுகிறேன்" என்றாலும், கையில் பிடித்த கணத்திலேயே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் பலருக்கும் தெரிந்தது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அந்தச் சந்தில் நுழைவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். க்ரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்கில் நிற்கும் ஒருவர், வார இறுதிப் பொழுதுபோக்குக்காக அதையே பணயம் வைப்பது எனக்குப் புரியாத கணக்கு. கடையில் வாங்கும்போது 4473 என்றொரு படிவம் நீட்டுவார்கள். குடியுரிமையையும் விசா நிலையையும் அது நேராகக் கேட்கும். அதில் தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம். க்ரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. கீழே வருவதெல்லாம் அவர்களுக்கு.

நான் வைத்திருப்பது க்ளாக் 19. அதில் ரசனை ஒன்றும் இல்லை. நம்மூரில் முதல் கார் மாருதி என்றிருந்ததுபோல இங்கே பலருக்கும் முதல் பிஸ்டல் அதுதான். ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் க்ளாக் அதற்கு முன் பிஸ்டல் செய்தவரே அல்லர். அவர் வடிவமைத்த க்ளாக் 17 மாடலை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. அதைக் கொஞ்சம் குறுக்கி 1988இல் வந்தது 19. 9 மில்லிமீட்டர் தோட்டா, மேகசினில் பதினைந்து. சட்டகம் பிளாஸ்டிக், மேலே நகரும் ஸ்லைடு எஃகு. பார்ப்பதற்குப் பெட்டி மாதிரி இருக்கும். அதை அழகு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செமி ஆட்டோமேட்டிக் என்றவுடன் படபடவென்று சுடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான். வெடிப்பின் உதைப்பில் ஸ்லைடு பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கி, பிறகு குழல் சாய்ந்து விலகும் ஏற்பாடு அமெரிக்கர் ஜான் பிரௌனிங் நூறு வருஷத்துக்கு முன்பே உருவாக்கியது. இன்றும் கடையில் இருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் பெரும்பாலானவை அவருடைய யோசனையில்தான் ஓடுகின்றன.

க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது. விசையின் நடுவில் சின்னதாக இன்னொரு நாக்கு இருக்கும்; அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை நகரும். உள்ளே இன்னும் இரண்டு தடுப்புகள் உண்டு. கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அவற்றின் வேலை. ஆனால் விசை அழுந்திவிட்டால் மூன்றும் சேர்ந்து வழிவிட்டுவிடும். அழுத்தியது விரலா, சட்டையின் கயிறா, குழந்தையின் கையா என்று அதற்குத் தெரியாது. இரண்டரை கிலோ அளவுக்கு அழுத்தம் போதும்.

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்ய இதைப் பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். அப்போது உள்ளே தோட்டா இருந்தால் வெடிக்கும். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று மனம் நம்பிவிடுகிறது; ஆனால் அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கும். அதனால் வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசின் வெளியே. பிறகு ஸ்லைடை இழுத்து நிறுத்திக் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலை நுழைத்துத் தொட்டும் பார்க்க வேண்டும். மற்றத் தோட்டாக்கள் நாம் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. இத்தனையும் முடித்துச் சுடத்தகாத எதையும் நோக்காமல் பிடித்துக்கொண்டுதான் விசையில் விரல். நான் இதை வாயால் சொல்லிக்கொண்டே செய்வேன். என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

இப்போது ரேஞ்சுக்கு வருகிறேன். உண்மையில் எனக்குப் பேசப் பிடித்ததே இதுதான்.

புதிதாகச் சுடுபவர்கள் பெரும்பாலோருக்கு ஒரே கதிதான் நேரும். வலக்கைக்காரராக இருந்தால் குண்டுகள் நடுவட்டத்தை விட்டுக் கீழே, இடப்பக்கம் போய்க் குவியும். உடனே பிஸ்டலைக் குறை சொல்வார்கள். சைட் கோணலாக இருக்கிறதாம், தோட்டா மட்டமாம். பக்கத்தில் நிற்பவர் அதே பிஸ்டலை வாங்கிச் சுட்டால் நடுவில் போய்ப் படும். வெடிக்கப்போகிறது என்று உடம்புக்கு முன்னமே தெரிந்துவிடுவதுதான் காரணம். விசை விழுவதற்குக் கணநேரம் முன்பு மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்துகிறது, மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. நமக்குத் தெரியாமலே நடப்பதால், சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வழி இருக்கிறது. மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றிரண்டை நண்பர் ஒருவர் மேகசினில் எங்கோ இடையில் செருகித் தருவார். எத்தனையாவது என்று நமக்குத் தெரியாது. டுமீல், டுமீல் என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று 'டிக்'. சத்தமில்லை, உதைப்பில்லை, ஆனாலும் பிஸ்டலின் முனை மட்டும் இரண்டு விரற்கடை கீழே குனிந்து நிமிரும். நம் கை செய்த வேலையை நம் கண்ணே பார்த்துவிடும். அதற்குப் பிறகு பிஸ்டலைப் பற்றிக் குறையே வராது. கூடவே மணிக்கட்டை நிறுத்தவும் பழக வேண்டும். பிடி தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுத்தூரம் போகாமல் திரும்பி, காலிக் கூடு வாயிலில் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொள்ளும். அதையும் பிஸ்டலின் கோளாறு என்றுதான் முதலில் நினைப்போம்.

முனை குனிவதைச் சரிசெய்வது ரேஞ்சில் அல்ல, வீட்டில். காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, சைட் அசையாமல் விசையை மெதுவாகப் பின்னால் கொண்டுவரும் பயிற்சி. தோட்டா வேறு அறையில், பூட்டிய பெட்டியில். எந்தச் சுவரை நோக்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நம்மூர்ச் செங்கல் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வீட்டுக்குள் சுவர் என்பது மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அறைந்த ஜிப்சம் பலகை. 9 மில்லிமீட்டர் குண்டு அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்து அடுத்த படுக்கையறைக்குப் போகும். புத்தகங்கள் நெருக்கி அடுக்கிய அலமாரியை நோக்கிச் செய்வேன். நான் வாங்கிப் படிக்காமல் விட்ட தடித்தடி நாவல்களுக்கு ஒரு பயன் கிடைத்தது.

செலவு எப்படி என்று கேட்பீர்கள். பிஸ்டல் ஒருமுறைச் செலவு, தோட்டா ஓயாச் செலவு. பயிற்சிக்கு 115 க்ரெய்ன் செம்பு உறைத் தோட்டா, ஐம்பது கொண்ட பெட்டி. கவனமாகச் சுட்டாலும் அரைமணியில் தீர்ந்துவிடும். 2020இல் கொரோனா பயத்தில் ஊரே வாங்கிக் குவித்தபோது அலமாரிகள் காலியாகி விலை மளமளவென்று ஏறியது. இடுப்பில் வைத்துக்கொள்வதற்கு வேறு வகை வேண்டும், முனையில் குழியுள்ளது. பட்ட இடத்தில் விரிந்து நின்றுவிடும், ஊடுருவிப் பின்னால் நிற்பவர்மேல் பாயும் வாய்ப்பு குறைவு. அதன் விலை இன்னும் கூடுதல். உங்கள் பிஸ்டல் அதைத் தடங்கலின்றி விழுங்குகிறதா என்று அதிலும் கொஞ்சம் சுட்டுப் பார்த்தாக வேண்டும். மனம் பதறும், சுடத்தான் வேண்டும்.

காதுக்கும் கைக்கும் ஒரு வார்த்தை. பிஸ்டல் வெடியின் சத்தம் 160 டெசிபல் அளவுக்கு வரும். மூடிய ரேஞ்சில் காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் மஃப், இரண்டும் போடுங்கள். வெளியேறும் காலிக் கூடு வலப்பக்கம் தெறிக்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூடு. அகலக் கழுத்துச் சட்டையோடு வந்து, கூடு உள்ளே விழுந்து, கையில் பிஸ்டலோடு துள்ளுபவர்களைக் கண்டால் ரேஞ்ச் அதிகாரிகள் மிகவும் அஞ்சுவார்கள். அந்த நேரத்தில் துப்பாக்கி முனை எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஈயம். தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்திலும் குண்டிலும் ஈயம் உண்டு. புகையோடு கை, முகம், சட்டை எல்லாவற்றிலும் படியும். குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தனியே போட்ட பிறகே குழந்தையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகள் ரேஞ்சுக்கு வரவே வேண்டாம்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் போகிறேன் என்றால், பிடித்திருக்கிறது. மூச்சு, விரல், கண் மூன்றும் ஒன்றாக நின்று குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும்போது வரும் நிம்மதி, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் என் வேலையில் கிடைப்பதில்லை. சுட்டுக்கொண்டிருக்கும்வரை ஃபோனைத் தொட முடியாது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் நீங்கள் கேட்பது பயிற்சிக்கு அல்லவே. இடுப்பில் வைத்துக்கொண்டு மாலுக்குப் போகலாமா என்றுதானே கேட்கிறீர்கள்.

போகலாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டத்தடை ஏதும் இல்லாதவராக இருந்தால், உரிமம் இல்லாமலே ஹோல்ஸ்டரில் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம். அதற்காக உரிமம் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். மாநிலம் தரும் எல்டிசி உரிமத்துக்கு ஒரு வகுப்பும், ஐம்பது குண்டு சுடும் தேர்வும் உண்டு. மூன்று, ஏழு, பதினைந்து கஜத் தூரங்களில் ஆளுயரப் படத்தைச் சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அசையாத காகிதத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் சுடுவது அது. அதில் தேறிவிட்டால் மாலில் ஓடும் கூட்டத்துக்கு நடுவில் ஒருவனைச் சுட்டு வீழ்த்தலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் சொல்லித்தரும் சட்டத்துக்காகத்தான் போகச் சொல்கிறேன்.

"ஆலனில் யாராவது துப்பாக்கியோடு இருந்திருந்தால்?" என்று கேட்பவர்களுக்கு: இருந்தார். வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஆலன் காவல்துறை அதிகாரி. சத்தம் வந்த திசையில் ஓடி அவனைச் சுட்டு வீழ்த்தியவர் அவர்தான். அவருக்கு அது தொழில். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். 2019 டிசம்பர் 29 அன்று ஃபோர்ட் வொர்த் பக்கம் வைட் செட்டில்மென்ட் ஊர்த் தேவாலயத்தில் ஷாட்கன்னோடு எழுந்தவனை, பாதுகாப்புக்கு நின்ற தன்னார்வலர் ஒருவர் ஒரே குண்டில் வீழ்த்தினார். எல்லாம் ஆறு விநாடிக்குள் முடிந்துவிட்டது. அவர் சாதாரணக் குடிமகன்தான், ஆனால் துப்பாக்கிப் பயிற்சியாளர், முன்பு பகுதிநேரக் காவல் பணியிலும் இருந்தவர். அதே ஆறு விநாடியில் தன் பிஸ்டலை உருவ முயன்ற இன்னொரு தன்னார்வலர் சுடப்பட்டு இறந்தார். அந்தச் சம்பவத்தின் காணொளியைப் பார்க்கச் சொல்ல மாட்டேன். இடுப்பில் இருப்பது வேறு, தேவையான விநாடியில் கையில் இருப்பது வேறு என்பதற்கு அதைவிடக் கடுமையான பாடம் எனக்குத் தெரியாது.

நாள் முழுக்க வைத்துக்கொள்வது எப்படியிருக்கும்? குண்டு நிரம்பிய க்ளாக் 19 முக்கால் கிலோவைத் தாண்டும். சாதாரண பெல்ட் அதைத் தாங்காது, தொங்கிவிடும். இதற்கென்றே தடித்த பெல்ட் வேண்டும். விசையை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் வேண்டும். மலிவான துணி ஹோல்ஸ்டர்கள் மடங்கி விசைக்குள் நுழையும். உருவுவதைவிடத் திருப்பி வைப்பதுதான் ஆபத்தான வேலை. சட்டை நுனி மாட்டிக்கொண்டு தன் தொடையையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. திருப்பி வைப்பதில் அவசரத்துக்கு எந்தக் காரணமும் கிடையாது, மெதுவாக, பார்த்து வையுங்கள். குனிந்தால் சட்டைக்குமேல் வடிவம் தெரியும். நண்பர் கட்டிப்பிடித்து வரவேற்றால் அவர் கை சரியாக அங்கேதான் வந்து படும். பூஜைக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தும். பொங்கல் விழாவுக்கு வேட்டியில் எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவர் கேட்டார். வேட்டியா பிஸ்டலா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

விழா என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். நம் வாழ்க்கையில் பாதி, பள்ளிக் கட்டடங்களில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாடகைக்கு எடுப்பது அரசுப் பள்ளி வகுப்பறையை. அரங்கேற்றத்துக்கு உயர்நிலைப் பள்ளி அரங்கம். டெக்சாஸில் பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைவது பெருங்குற்றம், உரிமம் இருந்தாலும்தான். "நாங்கள் பள்ளி ஆட்கள் இல்லை, வாடகைக்கு எடுத்தவர்கள்" என்பது நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய வாதம் அல்ல. கடை, மருத்துவமனை, கோயில் வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் படியுங்கள். உரிமம் இல்லாதவர், மறைத்து வைத்த உரிமக்காரர், வெளித்தெரிய வைத்த உரிமக்காரர் என்று மூன்றும் மூன்று பேருக்கான தடை. மது விற்பனையே பெரும்பகுதி வருமானமான இடத்தில் சிவப்பில் 51% என்று போட்டிருக்கும், அங்கேயும் கூடாது.

விமான நிலையம் தனி. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. பெரும்பாலானவை தோட்டாவோடு இருந்தவை. முன்வரிசையில் நம் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையம். பிடிபட்டவர்கள் எல்லாரும் கடத்தல்காரர்களா? "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

துப்பாக்கி கூடாத இடம் என்றால் காரில் வைத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். காரிலிருந்து துப்பாக்கி திருடுபோவது இந்நாட்டில் அன்றாடச் செய்தி. இருக்கையோடு கம்பியால் கட்டிய பூட்டுப்பெட்டி இல்லாமல் காரில் விடாதீர்கள், துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டித் திருடனுக்கு முகவரி தராதீர்கள். போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால், உரிமம் உள்ளவர் பிஸ்டல் வைத்திருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். கை ஸ்டியரிங்கின்மேல் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கையால் காட்டாதீர்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பிஸ்டல் இடுப்பில் ஏறியதும் சண்டை போடும் உரிமை இறங்கிவிடுகிறது. பார்க்கிங்கில் ஒருவன் நம் இடத்தைப் பிடித்துக்கொண்டு நடுவிரலைக் காட்டினாலும் நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். வாய்த்தகராறு கைகலப்பானால், கட்டிப்புரளும் இடத்தில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அது நம்முடையது. நான் ஹாரன் அடிப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். என்னைப் பழையபடி தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியம்.

சுடலாமா கூடாதா என்ற முடிவு எவ்வளவு கோணலாகப் போகக்கூடும் என்பதற்கு 1992 அக்டோபரில் பக்கத்து லூசியானா மாநிலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பேட்டன் ரூஜ் ஊரில் பதினாறு வயது ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு போனவர், தவறான வீட்டு மணியை அடித்துவிட்டார். வீட்டுக்காரர் பெரிய ரிவால்வரோடு வந்து "அசையாதே" என்று ஆங்கிலத்தில் கத்தினார். பையன் சிரித்தபடி முன்னால் நடந்தான். சுட்டுவிட்டார். 1993இல் கிரிமினல் வழக்கில் விடுதலையானார். பிறகு சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரத் தீர்ப்பானது. நம் வீட்டு வாசலுக்கு யாரெல்லாம் வருகிறார்கள்? டெலிவரிக்காரர், கொலு பார்க்க வீடு மாறி வந்த குடும்பம், ஆங்கிலம் சரளமாக வராத, வழிதவறிய யாரோ ஒருவருடைய அப்பா. பிஸ்டல் கையிலிருந்தால் கதவுக்கு இந்தப்பக்கம் நாம் அந்த வீட்டுக்காரர். பையன்களின் தகப்பனாகவும் இருக்கிறோம்.

கடைசியாக வீடு. ஊரில் நாம் பார்த்த துப்பாக்கி, வங்கி வாசல் காவலாளியின் தோளில் தொங்கிய இரட்டைக்குழல் மட்டும்தான்; அது நம் வீட்டுக்கு வந்ததில்லை. இங்கே வருகிறது. அதோடு ஆறுமாத விசிட்டில் அம்மாவும் வருகிறார். வந்த மூன்றாம் நாள் வீட்டிலுள்ள அத்தனை இழுப்பறையையும் கவிழ்த்துத் துடைத்து மறுபடி அடுக்காத தமிழ் அம்மாவை நான் கண்டதில்லை. படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறை, அலமாரியில் துணிக்கு அடியில், பரணில் பெட்டி, இவை எதுவும் மறைவிடம் ஆகாது. தரையிலோ சுவரிலோ போல்ட் போட்ட இரும்பு ஸேஃப் வாங்குங்கள், பிஸ்டல் வாங்கும் அதே நாளில். டெக்சாஸ் சட்டப்படி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால் உரிமையாளர் குற்றவாளி. பிள்ளை சுட்டு உயிர்போனாலோ பலத்த காயம் பட்டாலோ தண்டனை பெருகும். உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீட்டிலும் "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா" என்று கேளுங்கள். டெக்சாஸ்காரர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் பேசாத விஷயம். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வேறு வழிகளில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைத்தால் அதிகம். வேலை போவது, கல்லூரியில் பையன் தடுமாறுவது, குழந்தை பிறந்தபின் மனைவிக்கு மனம் சரியில்லாமல் போவது, இவையெல்லாம் நம் தெருக்களில் நடப்பவைதான். வீட்டில் யாருக்காவது மனநிலை சரியில்லை என்று தோன்றினால் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகட்டும். சில கடைகளும் ரேஞ்சுகளும் வாங்கி வைத்திருந்து தருகின்றன, கேட்டுப் பாருங்கள். 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். பயிற்சியில் ஆசை இருந்தால் வாங்குங்கள், நானே கூட வருகிறேன். மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போக நேரமில்லை என்பவர் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். என் சொந்த வழக்கமும் அதுதான். பயிற்சி விட்டுப்போன மாதங்களில் பிஸ்டல் ஸேஃபை விட்டு வெளியே வருவதில்லை. ஆலன் பயத்துக்கு மட்டும் வாங்க நினைப்பவர்கள் முதலில் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போங்கள். டூர்னிக்கே கட்டு விலையும் குறைவு, விசா பார்க்காது, பள்ளிக்குள்ளும் எடுத்துப்போகலாம். சாலை விபத்திலும் உதவும்.

சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறவர்கள், க்ரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை காலை ரேஞ்ச் காலியாக இருக்கும். மஃப், கண்ணாடி, டம்மித் தோட்டா என்னிடம் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அழைத்துப்போவேன். இரண்டு பேர் வந்தால் ஒருவர் மற்றவரைப் படமெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், அடையாள அட்டை எடுத்து வாருங்கள். முதல் அரைமணி தோட்டாவே கிடையாது, பிடிப்பது மட்டும்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
பிளேனோவிலிருந்து உங்களில் ஒருவன்